எந்தக் கதவைத் தட்டுவது? பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசாங்கத்தோடு பழக ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் குடிமையியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழாவது அட்டவணை, மூன்று பட்டியல்கள், 73-வது திருத்தம் எல்லாம் மனப்பாடம். பிளஸ் டூ வந்தபோது ஸ்பெஷல் கிளாஸ் முடிய இரவு ஏழரை ஆகும். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரை அரை கிலோமீட்டர் கும்மிருட்டு. அங்கே ஒரு தெருவிளக்கு கேட்டு அலைந்தபோதுதான், மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

மின்வாரிய அலுவலகத்தில், "தம்பி, கம்பம் எங்களோடது, லைட்டு பஞ்சாயத்தோடது" என்றார்கள். ஊராட்சி அலுவலகத்தில், "அது ஹைவேஸ் ரோடுப்பா" என்றார்கள். நெடுஞ்சாலைத் துறையில், "ரோடு எங்களோடதுதான், லைட்டு எங்க வேலை இல்ல" என்றார்கள். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்துத்தான் விஷயம் முழுசாக வெளியே வந்தது: அந்த இருட்டுப் பகுதி எங்கள் ஊராட்சியிலேயே இல்லை. பக்கத்துப் பேரூராட்சியின் எல்லைக்குள் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அந்த ஏழு மாதத்தை மிச்சம் பிடிக்கத்தான் இது. தமிழ்நாட்டை வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்த அரசு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

'அரசாங்கம்' என்று ஒருமையில் பேசிப் பழகிவிட்டோம். உங்கள் வீட்டு வாசலில் மூன்று அரசுகள் நிற்கின்றன. குழாய்த் தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவை உள்ளாட்சி. பள்ளிக்கூடம், காவல் நிலையம், அரசு பஸ், ஆரம்ப சுகாதார நிலையம், பட்டா ஆகியவை மாநில அரசு. ரயில், தபால் நிலையம், பாஸ்போர்ட் ஆகியவை ஒன்றிய அரசு.

இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருந்தால் நான் இதை எழுதவே தேவையில்லை. பாஸ்போர்ட் கொடுப்பது ஒன்றிய அரசு, ஆனால் உங்களை விசாரிக்க வீட்டுக்கு வருவது மாநிலக் காவலர். ரேஷன் கடையை நடத்துவது மாநிலம், அங்கே வரும் அரிசியில் பெரும்பங்கு ஒன்றியத் தொகுப்பிலிருந்து வருவது. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் இருவருமே சட்டம் போடலாம், இரண்டும் முட்டினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். நீட் தேர்வைப் பற்றி ஏன் இத்தனை சண்டை என்று கேட்டால், பாதிப் பதில் இதில் இருக்கிறது.

சாலைக்கு ஓர் எளிய வழி உண்டு. கிலோமீட்டர் கல்லின் தலை நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நான் மூன்று வருடம் அந்தப் பச்சைக் கல்மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவன், ஒருநாளும் யோசித்ததில்லை.

உள்ளாட்சிக்கு, வீட்டு வரி ரசீதின் மேல்வரியைப் பாருங்கள். ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்று அங்கே அச்சாகியிருக்கும்.

கவனம்: அந்த ரசீது சொல்வது உங்கள் வீட்டுக்கு மட்டும். நூறடி தள்ளி எல்லை மாறலாம். பிரச்சினை இருக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள வீடோ கடையோ எதுவோ, அவர்கள் வரி கட்டும் ரசீதைக் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்த சைக்கிள் கடை அண்ணனிடம் முதல் நாளே நான் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இன்னொன்று, வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் ஒன்றல்ல. பட்டாவில் இருக்கும் கிராமத்தின் பெயரை வைத்து ஊராட்சியை முடிவு செய்யாதீர்கள்.

2. உங்கள் முகவரிக்கு யார் யார் பிரதிநிதி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

செலவு இல்லை, ஒரு மணி நேர வேலை. கிராமம் என்றால் ஆறு பெயர்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர், எம்.எல்.ஏ., எம்.பி. ஊரக உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் அம்மா ஒரே நேரத்தில் நான்கு வாக்குச்சீட்டுகளை மடித்துப் போடுவது இதனால்தான். நகரம் என்றால் மூன்றே பெயர்: வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மேயரையும் நகராட்சித் தலைவரையும் 2022-இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், மக்கள் நேரடியாக அல்ல.

ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் பதவியில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் முன்னாள் தலைவர் பெயருக்கு மனு எழுதினால் அது காற்றில் போகும்.

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் ஆறு வரும். ஒரு எம்.பி. தொகுதிக்குள் ஆறு எம்.எல்.ஏ.க்கள். முதலமைச்சரையோ பிரதமரையோ நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டு நம்மிடம் கிடையாது. 118 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவைக் காட்டுபவர் முதல்வர். மக்களவையில் 543 இடங்களில் 272 பேரைக் காட்டுபவர் பிரதமர். அமெரிக்கா போன்ற அதிபர் முறையில் அதிபருக்குத் தனித் தேர்தல், அவர் பதவியில் நீடிக்க சபையின் பெரும்பான்மை தேவையில்லை. நம்முடையது நாடாளுமன்ற முறை, பெரும்பான்மை போனால் பதவியும் போகும். தேர்வுக்கு இரண்டு பக்கம் எழுதும் வித்தியாசம் இவ்வளவுதான்.

3. ஓட்டு வாங்கியவர் வேறு, கையெழுத்துப் போடுபவர் வேறு

மேலே எழுதிய பெயர்களுக்கு எதிரே இன்னொரு வரிசை எழுதுங்கள். இவர்கள் தேர்தலில் நிற்காதவர்கள்: ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (எல்லோரும் பிடிஓ என்பார்கள்), கிராம நிர்வாக அலுவலரான விஏஓ, வட்டாட்சியர் என்கிற தாசில்தார், ஆட்சியர்.

இங்கே நான் விழுந்த குழி ஒன்று உண்டு. விஏஓ ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை. விஏஓ வருவாய்த் துறை, அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் தாசில்தார். ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறைப் பக்கம், அவருக்கு மேலே பிடிஓ. இரண்டு தனித்தனி ஏணிகள். இரண்டும் ஆட்சியரிடம்தான் போய்ச் சேருகின்றன. நிலம், சான்றிதழ் என்றால் முதல் ஏணி. தண்ணீர், விளக்கு, தெரு என்றால் இரண்டாவது.

சட்டமன்றம் சட்டம் போடும், நிர்வாகம் நடத்தும், நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் என்று படித்திருப்பீர்கள். நடைமுறையில் பதினேழு வயதுக்காரருக்கு முதலில் தேவைப்படுவது நடுவில் இருப்பது. நீதிமன்றம்வரை போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

4. மனு: ஒரு தாள், ஒரு கோரிக்கை

தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு மனு எழுதத் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், இரண்டு பத்தி, தேதி, கையெழுத்து. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தர என்னிடம் 50 ரூபாய் கேட்டார் ஒருவர். கொடுத்தேன். "தங்கள் பாதம் பணிந்து" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார், கம்பம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

- மனு இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.
- இடத்தின் புகைப்படம். இருட்டைக் காட்ட இரவில் ஒன்று, கம்பத்தைக் காட்டப் பகலில் ஒன்று.
- மின்கம்பத்தின் எண். கம்பத்திலேயே பெயிண்ட்டால் எழுதியிருக்கும்.
- ஆதார் நகல், போன் எண்.
- முடிந்தால் தெருக்காரர்கள் இருபது பேர் கையெழுத்து.

எங்கே கொடுப்பது? முதலில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில். கட்டணம் கிடையாது. ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், வரிசை நீளம். வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்தும் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம், மண்ணெண்ணெயோடு வருபவர்களைத் தடுக்கத்தான். உள்ளே கணினியில் பதிந்து ஒரு எண் தருவார்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் சொத்து. போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண்ணில் சொன்னாலும் புகார் எண் கிடைக்கும்.

கவனம்: திங்கள் அரசு விடுமுறை என்றால் கூட்டம் கிடையாது. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தாலும் கிடையாது, வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள். இது தெரியாமல் ஒரு திங்கள் நான் பள்ளிக்கு லீவு போட்டு, போக வர 70 ரூபாய் பஸ் செலவு செய்து, பெட்டிக்குள் மனுவைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆட்சியர் உங்கள் மனுவைப் படித்ததும் விளக்கு எரியாது. மனு ஏணியில் கீழே இறங்கி, நீங்கள் முதலில் போன அதே அலுவலகத்துக்கு வரும். வித்தியாசம் என்னவென்றால், இப்போது அவர்கள் மேலே பதில் எழுத வேண்டும். எனக்கு வந்த பதில் ஒரே வரி: மேற்படி இடம் இவ்வூராட்சி எல்லைக்குள் வரவில்லை. ஐந்து மாத அலைச்சலில் யாரும் வாயால் சொல்லாததைத் தாளில் எழுதியிருந்தார்கள்.

5. கிராம சபையில் உட்காருங்கள்

ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபையின் உறுப்பினர்கள் ஊராட்சியின் வாக்காளர்கள், ஆகவே உங்களுக்கு இன்னும் கை தூக்க உரிமை இல்லை. அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கோரிக்கையை அவர்கள் எழுந்து சொல்லட்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நீங்கள் பாருங்கள். வரவு செலவு வாசிக்கும்போது நன்றாகக் கேளுங்கள், தெருவிளக்குப் பராமரிப்புக்கு என்று ஒரு தொகை வரும்.

கவனம்: கூட்டம் தொடங்கும்முன்பே வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து கேட்டால், தீர்மானங்கள் எழுதியபின் போடுகிறோம் என்று வீட்டுப் பெரியவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

6. பதில் வரவில்லையா? ஆர்டிஐ, பத்து ரூபாய்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. எல்லாக் குடிமக்களுக்கும் என்று சொல்கிறது, வயது வரம்பு எதுவும் போடவில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நீதிமன்ற வளாகத்திலோ முத்திரைத்தாள் விற்பவரிடமோ கிடைக்கும். தபால் தலையும் இதுவும் ஒன்றல்ல, என் முதல் மனு அதனால்தான் திரும்பி வந்தது. ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். நகல் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். பெறுநர் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று அலுவலகத்தின் பெயரோடு இருக்கட்டும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் விளக்கு போடவில்லை?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடமை இல்லை. ஏனென்றால் அது விளக்கம், பதிவேட்டில் இருக்கும் தகவல் அல்ல. நான் இரண்டாவது முறை இப்படிக் கேட்டேன்:

"இந்த எண்ணுள்ள மின்கம்பம் எந்த உள்ளாட்சியின் பராமரிப்பில் உள்ளது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும்."

நேரில் கொடுத்தால் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை உங்கள் நகலோடு பின் அடித்து வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு எழுதியிருந்தால், அவர்களே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறான கதவைத் தட்டினால் சரியான கதவுக்குக் கொண்டுபோய் விடும்படி சட்டமே சொல்வதைப் பார்த்தபோது, இதை ஏன் முதல் மாதமே செய்யவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. காலண்டரில் இந்தத் தேதிகளை வட்டமிடுங்கள், தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

எனக்கு 26-ஆம் நாள் பேரூராட்சியிலிருந்து பதில் வந்தது. அதையே இணைத்து அங்கே மனு கொடுத்தேன். மூன்று வாரத்தில் விளக்கு எரிந்தது. அதற்குள் எனக்குப் பொதுத்தேர்வு முடிந்து, ஸ்பெஷல் கிளாஸும் முடிந்திருந்தது.

7. சான்றிதழ்: ஒரே சாதி, இரண்டு அரசுகள், இரண்டு தாள்

பிளஸ் டூ மாணவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் வருவாய்த் துறை ஏணி. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் அரசுக் கட்டணம் 60 ரூபாய். ஸ்கேன் செய்ய, பிரின்ட் எடுக்க என்று கூடக் கேட்டால் ரசீது கேளுங்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்தபிறகு எல்லோரும் ஒன்றாக விண்ணப்பிப்பார்கள், அப்போது மூன்று வாரம்கூட ஆகலாம். நீங்கள் பொங்கல் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், அதை மட்டும் சேர்க்கை நேரத்துக்குச் செல்லுபடியாகும்படி பார்த்து வாங்குங்கள்.

பெரிய குழி இது. மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்று அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குச் செல்லும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற ஒன்றிய நிறுவனங்களுக்குச் செல்லாது. அங்கே ஓபிசி சான்று தனியாக, ஒன்றிய அரசின் படிவத்தில் வேண்டும். ஒன்றியம் 'கிரீமி லேயர்', அதாவது இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்க வேண்டிய வசதியான குடும்பமா என்று பார்க்கிறது, ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். மாநிலம் பார்ப்பதில்லை. ஒன்றியத்தின் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "அப்பாவுக்கு ஒன்பது லட்சம் சம்பளம், கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பெற்றோர் பெரிய அரசுப் பதவியில் இருந்தால் பதவியை வைத்தே விலக்குவார்கள், அதையும் பாருங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கலந்தாய்வில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றைத்தான் கேட்கிறார்கள். ஆகவே இது ஒன்றை மட்டும் முன்கூட்டி வாங்கி வைத்துப் பயனில்லை, ஏப்ரல் முதல் வாரம் விண்ணப்பியுங்கள்.

8. பதினேழு முடிந்ததா? படிவம் 6

ஓட்டுப் போட 18 ஆக வேண்டும். ஆனால் 17 முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். அவற்றில் எந்த நாளில் உங்களுக்கு 18 நிறைந்திருக்கிறதோ, அந்தக் காலாண்டில் பெயர் ஏறும்.

தேவையானவை: பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வயதுச் சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், முகவரிக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், மின் கட்டண ரசீது போன்றவற்றில் ஒன்று, வீட்டில் ஏற்கெனவே வாக்காளராக உள்ளவரின் அடையாள அட்டை எண். செலவு பூஜ்யம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ நீங்களே செய்யலாம், அல்லது உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகக் கொடுக்கலாம். பெரும்பாலும் அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள். சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை சில. கல்லூரி விடுதியில் சேர்ந்தால் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதியலாம், இரண்டிலும் பதிவது குற்றம். தேர்தல் அறிவித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்: வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும், பரிசீலனைக்கும் நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். படிவம் 6 இரண்டாவதற்குத்தான், உள்ளாட்சிப் பட்டியலை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

அட்டை தபாலில் வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் தேடிப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துப்பிழையில் தப்பிவிடும், அட்டை எண்ணை வைத்துத் தேடுங்கள். என் பெயர் சரியாகத்தான் இருந்தது. அப்பா பெயரில் மட்டும் கடைசி 'ன்' விழுந்துபோய், மரியாதையில்லாமல் பாதியில் நின்றது. திருத்தத்துக்குப் படிவம் 8, அதற்கும் காசு இல்லை.